பெரிய மாப்பிள்ளை காத்திருந்த கொடுமை

எங்கள் லாண்டரியில் "பெரிய மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் ஒரே ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். அவருக்குப் பெண் கொடுத்த மாமியார் எங்களோடுதான் வேலை பார்த்தார். ஹோட்டலிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் அழுக்குத் துணியைப் பிரித்துப் போடுவது அந்த அம்மாளின் வேலை. மூத்த மருமகனைப் பெரிய மாப்பிள்ளை என்றும் இளைய மருமகனைச் சின்ன மாப்பிள்ளை என்றும் கூடமே அதிரும்படி அவர் கூப்பிட, நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் வாங்கும்போது மட்டும்தான் காதில் விழும்.

நான் கிழிசல் தைப்பவள். துணி மடிக்கும் கூடத்தின் மூலையில் என் தையல் மெஷின் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் எல்லார் முகமும் எனக்குத் தெரியும். என் முகத்தை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஆகவே பெரிய மாப்பிள்ளையின் கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது. புகழ்ந்து சொல்வேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், என் வாய் அப்படிப்பட்டதல்ல.

ஆனாலும் நல்லதை மறைக்கக் கூடாது. மடிப்பு மேசையில் அவரைப்போல ஒரு கைகாரர் இந்தக் கூடத்துக்கு வந்ததில்லை. பெரிய படுக்கை விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து, ஒரே நேரத்தில் உதற வேண்டும். பிறகு முனைகளைச் சேர்த்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். எதிரே நிற்பவரின் நடையும் மூச்சும் தெரிந்திருந்தால்தான் வேலை ஓடும். பெரிய மாப்பிள்ளை யாரோடு நின்றாலும் அவர்களுடைய வேகத்தைத் தன் கைக்குள் வாங்கிக்கொள்வார். அதனால்தான் சின்ன வயதிலேயே அவரை மேஸ்திரி ஆக்கினார்கள்.

பக்தியும் பொய்யில்லை. காலையில் முகம் கழுவிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்வார். திரும்பும்போது அவர்கள் வீட்டுக் குழாயில் ஒழுகலையும் அடைத்துவிட்டு வருவார். அப்பா அம்மா இல்லாத பிள்ளை அவர். வளர்த்தது அக்கா. அக்கா எங்கள் எல்லாருக்கும் அக்காதான், மூன்றாவது மேசையில் மடிப்பவள். தம்பியைக் கையைப் பிடித்து இந்த வாசலுக்குள் கூட்டிவந்ததும் அவள்தான், மாமியாரிடம் பேசிக் கல்யாணத்தை முடித்துவைத்ததும் அவள்தான்.

அந்த மாமியார் இரண்டாவது பெண்ணையும் கட்டிக்கொடுத்தார். அங்கே பிடித்தது சனி.

சின்ன மாப்பிள்ளை பாய்லர் வேலைக்கு வந்தவர். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பார். தண்ணீரை ஏன் இவ்வளவு சூடாக்கணும், சோப்பை ஏன் முதலிலேயே போடணும், கடவுள் இருக்கிறார் என்று ஏன் நம்பணும். கடைசிக் கேள்விக்கு யாரும் தனக்குத் திருப்தியாகப் பதில் சொல்லவில்லை, அதனால் நம்பவில்லை என்று அவர் சாதாரணமாகச் சொல்லுவார், மழை இல்லை, அதனால் குடை எடுக்கவில்லை என்கிற மாதிரி. மாமியார் பக்திக்காரி. மருமகனைத் திட்டுவார் என்று பெரிய மாப்பிள்ளை வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தார். அந்த அம்மாளோ, "எங்க சின்ன மாப்பிள்ளைக்கு நம்பிக்கை இல்லாட்டி என்ன, கடவுளுக்கு அவர் மேல நம்பிக்கை இருக்கு," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மத்தியானச் சாப்பாட்டில் மாமியார் போடும் பெரிய கறித்துண்டு எந்தத் தட்டில் விழுகிறது என்று நாங்களே பந்தயம் கட்டுவோம். சின்ன மாப்பிள்ளை தட்டில்தான் விழும். பெரிய மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார், காது மட்டும் சிவந்திருக்கும்.

அப்போது எங்களுக்கு இருந்த மேனேஜர் ஒரு பழைய மனிதர், பிரார்த்தனை இல்லாமல் பாய்லரைப் பற்றவைக்க விடமாட்டார். எல்லாரும் வரிசையில் நின்றாக வேண்டும். நிற்காதவன் மறுநாள் ஈரப்பக்கத்தில் இருப்பான். ஈரப்பக்கம் என்றால் துவைக்கிற கூடம். தண்ணீர் குடித்த துணியை மெஷினிலிருந்து வாரி வண்டியில் போட வேண்டும், இடுப்பு ஒடிந்துவிடும். அந்த ஆள் காலத்தில்தான் அக்காவின் கை வெந்தது. விரிப்பைத் தேய்க்கும் சூடான ரோலரின் முன்னால் இருந்த தடுப்புக் கம்பி கழன்றுபோயிருந்தது. சரிபண்ணச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "கடவுள் பாத்துக்குவார்மா, நீ வேலையப் பாரு," என்றார். துணியோடு சேர்ந்து அக்காவின் வலது கையும் உள்ளே போனது. விரல்கள் பிழைத்தன, உள்ளங்கைத் தோல்தான் சுருங்கிவிட்டது. அன்றைக்குப் பெரிய மாப்பிள்ளை அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். செருப்புகூடப் போடவில்லை.

அந்த மேனேஜர் வயதாகி வேலையை விட்டுப் போனதும், அந்த நாற்காலி யாருக்கு என்று பேச்சு வந்தது. பெரிய மாப்பிள்ளைக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் புதுச் சட்டைகூடத் தைத்துவைத்துக்கொண்டார், தைத்தது நான்தான். முதலாளி வந்தார், பாய்லர் எரிபொருளை மிச்சம் பிடித்தவர் யார் என்று கேட்டார், சின்ன மாப்பிள்ளையை மேனேஜர் ஆக்கிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மாமியார் கூடம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். பெரிய மாப்பிள்ளை கையிலும் ஒன்று வைத்தார். அவர் அதைப் பிரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புதுச் சட்டையின் பை, நான் இரட்டைத் தையல் போட்டது. மனுஷன் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

அன்றிலிருந்து டீ நேரத்தில் அவருடைய பிரசங்கம் ஆரம்பமானது.

"பாத்துக்கிட்டே இருங்க," என்பார். "கடவுள் இல்லைங்கறவன் கையில அதிகாரம் போச்சுன்னா அவனை நிறுத்த யாரு இருக்கா? அவனுக்கு மேல ஒருத்தரும் கிடையாது. அவன் மூளைக்கு எது சரின்னு படுதோ அதான் சட்டம். இன்னிக்கு சோப்பைக் கூட்டிக் கழிக்கறவன் நாளைக்கு நம்மளக் கூட்டிக் கழிப்பான். வீடோ நாடோ, எல்லா எடத்துலயும் இதான் நடக்கும்."

சின்ன மாப்பிள்ளை டம்ளரோடு பக்கத்திலேயே நிற்பார். கோபமே வராது அவருக்கு, அதுதான் பெரியவரை இன்னும் எரிச்சலாக்கும்.

"மேலேயே பாத்துக்கிட்டு இருந்தவர்தாண்ணே அந்தத் தடுப்புக் கம்பியக் கீழ பாக்காம விட்டாரு."

"அவர் ஒருத்தர் சரியில்லைன்னா?"

"அப்ப நான் ஒருத்தன் சரியில்லைன்னாலும் அதே கதைதானே? என்னை நிறுத்தறதுக்கு நீங்கள்லாம் இருக்கீங்க. தப்புன்னு தோணினா ஏன்னு கேளுங்க. நான் பதில் சொல்லியாகணும். எனக்கு மேல நீங்கதான்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவரிடம் யார் ஏன் என்று கேட்டு ஜெயிப்பது? நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் மூன்று காரணம் சொல்லி முடித்திருப்பார். ரேடியோவைக் கூடத்திலிருந்து எடுத்தார், ஏனென்றால் மெஷின் சத்தம் மாறுவது காதில் விழவேண்டுமாம். நியாயம்தான். என் பக்கத்துப் பெஞ்சை எடுத்தார், ஏனென்றால் வண்டி திரும்ப இடமில்லையாம். அதுவும் நியாயம்தான். வம்பு பேச வருகிறவர்கள் உட்கார இடமில்லாமல் போவதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆனால் பெரிய மாப்பிள்ளை காத்திருந்த கொடுமை மட்டும் வரவே இல்லை. வந்த முதல் வேலையாகச் சின்ன மாப்பிள்ளை ரோலருக்குப் புதுத் தடுப்புப் போட்டார். பிரார்த்தனையையாவது நிறுத்துவார் என்று பெரியவர் நம்பினார். தடைபோட்டிருந்தால் அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அந்தப் பாவி மனுஷன், "வேண்டியவங்க நில்லுங்க, வேண்டாதவங்க டீ குடிங்க, அதுவரைக்கும் பாய்லர் காத்திருக்கும்," என்று சொல்லிவிட்டார். பெரிய மாப்பிள்ளை கண்ணை மூடி நிற்கும்போது ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்ப்பார். சின்ன மாப்பிள்ளை ஓரமாக, சத்தம் போடாமல், நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்த மரியாதையைப் பார்க்கப் பார்க்கப் பெரியவருக்குப் பிரார்த்தனையே மறந்துபோகும்.

அப்புறம்தான் க்ளிப் வந்தது.

ஈரப்பக்கத்துக்காரர்கள் ஒருநாள் மேனேஜரைச் சூழ்ந்துகொண்டார்கள். பழைய ஆள் வேண்டாதவர்களைத் தள்ளின இடத்திலேயே நாங்கள் கிடக்கணுமா என்று கேட்டார்கள். சின்ன மாப்பிள்ளை எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். ஒவ்வொரு மடிப்பு மேசைக்கும் மேலே ஒரு கயிறு கட்டுவது. ஒரு அடுக்கு விரிப்பு மடித்து முடித்தால் கயிற்றில் ஒரு துணி க்ளிப் மாட்டுவது. மாதக் கடைசியில் எந்தக் கயிற்றில் க்ளிப் குறைவோ அந்த மேசைக்குப் பொறுப்பானவர் ஈரப்பக்கம் போவது, அங்கிருந்து ஒருவர் இங்கே வருவது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், கயிற்றைப் பார்த்தால் போதும். யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார். இல்லை. எல்லாரும் கை தூக்கினோம். அக்காவும் தூக்கினாள், சுருங்கின கையைத்தான் தூக்கினாள்.

அப்போது அவளுக்குப் பயமில்லை. அவளுக்கு எதிர் முனை பிடித்த பெண் அவளுடைய கையின் கூறு தெரிந்தவள். வலது பக்கம் இழுக்காமல் இடது பக்கமாக வாங்குவாள். இரண்டு பேரும் க்ளிப் கணக்கில் நடுவாந்தரமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பேறுகாலம் வந்து வீட்டோடு போனாள். இடத்துக்கு ஆள் இல்லை. பெரிய மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

"எங்க அக்காவுக்கு நான் பிடிக்கறேன். மேஸ்திரிக்குத்தான் கயிறு கிடையாதே, என்னால யாருக்கும் கணக்குக் கெடாது."

தம்பின்னா இவரல்லவா தம்பி என்று கூடமே மெச்சியது. எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான், வீட்டுப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கே வயிறு எரிந்தது.

முதலில் அவர் கெட்ட எண்ணத்தோடு வந்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வாரம் பிரமாதமாக ஓடியது. பிறகு ஒருநாள் அக்காவுக்குக் கை வலி. நீவி நீவி விட்டுக்கொண்டு மடித்தாள், க்ளிப் குறைந்தது. சின்ன மாப்பிள்ளை அந்தப் பக்கம் வந்து, கயிற்றைப் பார்த்து, பென்சிலை எடுத்துக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கவலை. இந்த அக்காவை நான் ஈரப்பக்கம் அனுப்ப வேண்டி வருமோ என்கிற கவலை. ஈரத்துணியின் கனத்தை அந்தக் கை தாங்காது; அங்கே போவதும் வேலையை விட்டுப் போவதும் அவளுக்கு ஒன்றுதான். அது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கவலையைப் பெரிய மாப்பிள்ளை பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மாமியார் மிட்டாய் கொடுத்த நாளிலிருந்து நான் காணாத மலர்ச்சி.

மறுநாளிலிருந்து அவருக்குத் திடீரென்று சுத்தம் பிடித்துக்கொண்டது. விரிப்பை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். "கறை இருக்கேக்கா," என்று திரும்பத் துவைக்கப் போடுவார். உதறும்போது அவருடைய பக்கம் ஒரு மூச்சு தாமதமாக வரும். முன்பெல்லாம் படீரென்று ஒரே சத்தமாகக் கேட்கும் உதறல், மூன்றாவது மேசையில் மட்டும் சவசவ என்று கேட்டது. ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னால் கண்ணை மூடி ஒரு வேண்டுதல் வேறு. பார்க்கிறவர்களுக்கு, அக்காவுக்காக எப்படி வேண்டிக்கொள்கிறார் பாரு என்றுதான் தோன்றும்.

என் கூடையில்தான் குட்டு உடைந்தது. "இதுல கிழிசல் இருக்கு," என்று அந்த மேசையிலிருந்து விரிப்பு விரிப்பாக எனக்கு வந்தது. நான் பிரித்துப் பார்க்கிறேன், புரட்டிப் பார்க்கிறேன், ஓரம் முழுக்கத் தடவிப் பார்க்கிறேன், ஒரு ஊசித் துளைகூட இல்லை. எனக்கு முதலில் கண் போய்விட்டதோ என்று பயம். அப்புறம் கூடையை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரிந்துவிட்டது. அடக் கடவுளே, சொந்த அக்காவையா!

மத்தியானம் அக்கா கைகழுவப் போனபோது கூடவே போனேன்.

"அக்கா, உன் தம்பி அனுப்பற துணியில கிழிசலே இல்ல."

அவள் குழாயை மூடினாள். "தெரியும்."

"என்ன தெரியும்? உன்ன ஈரப்பக்கம் தள்ளப் பாக்கறான்னு தெரியுமா?"

"இந்த முனைய நான் பிடிச்சிருக்கேன், அந்த முனைய அவன் பிடிச்சிருக்கான். துணி வழியாத் தெரியாதா? அவன் நடக்கப் பழகினதே என் கையப் பிடிச்சுக்கிட்டு."

"எதுக்குக்கா இப்படிப் பண்றான்? உன் மேல என்ன கோவம்?"

"என் மேல ஒண்ணுமில்ல. அவன் சகலை கொடுமைக்காரன்னு நிரூபிக்கணும். கொடுமை தானா வரல. அதான் இழுத்துட்டு வரான்."

"நான் இப்பவே போய் மேனேஜர்கிட்ட சொல்றேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தச் சுருங்கின கையால். "வேண்டாம். அவன் வேலை போயிடும். அதுகூடப் பரவால்ல. காலையில அவன் பின்னாடி நின்னு கும்பிடறவங்க இருக்காங்க. இது வெளியில வந்தா அவன மட்டுமா சிரிப்பாங்க? அவன் கும்பிடறவரையும் சேத்துச் சிரிப்பாங்க. நானும் அவரத்தான் கும்பிடறேன். வாய மூடிக்கிட்டிரு."

நான் மூடிக்கொண்டேன். வாழ்நாளில் எனக்கு அவ்வளவு கஷ்டமான வேலையை யாரும் கொடுத்ததில்லை.

சின்ன மாப்பிள்ளை தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். அக்காவின் மேசையை ஜன்னல் பக்கம் மாற்றினார். உயரம் சரியில்லையோ என்று காலுக்குக் கட்டை வைத்தார். "அக்கா, ஏன் குறையுது? கை வலிக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "வயசாச்சுப்பா," என்றாள். எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற மனுஷன், எதிர்ப்பக்கம் நிற்பவரைப் பார்த்து ஒருமுறை கேட்டிருக்கலாம். தம்பி அக்காவுக்கு உதவுகிறார் என்பதை அவரும் எங்களைப்போலவே கேள்வி கேட்காமல் நம்பிவிட்டார்.

மாதக் கடைசி நாள், சாயங்காலம். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் கயிறுகளுக்குக் கீழே நின்றோம். எண்ணிப் பார்க்கவே வேண்டாம். மூன்றாவது கயிறுதான் மொட்டையாகத் தொங்கியது.

ஆனாலும் சின்ன மாப்பிள்ளை ஒவ்வொரு க்ளிப்பாகத் தொட்டு எண்ணினார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார், கிட்டத்தட்டக் கெஞ்சினார். "அக்காவ விட்டுடலாம்னு சொல்றதுக்கு யார்கிட்டயாவது ஒரு காரணம் இருக்கா? அவங்க கை வெந்த கைன்னு சொல்லலாம். ஆனா விதி போடறப்பவும் அது வெந்த கைதான், அவங்களே சரின்னு கை தூக்கினாங்க. இவங்களுக்கு விட்டா அடுத்த மாசம் வேற ஒருத்தர் முதுகு வலிம்பாரு. அப்புறம் நான் முகத்தப் பாத்து முடிவு பண்றவன் ஆயிடுவேன், அந்தப் பழைய மேனேஜர் மாதிரி. வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க."

"பாவம்யா அவங்க," என்று யாரோ சொன்னார்கள்.

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அது காரணம் இல்லையே."

என் நாக்கின் நுனியில் காரணம் நின்றது. அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப திங்கக்கிழமையிலேருந்து அக்கா ஈரப்பக்கம்," என்றார் சின்ன மாப்பிள்ளை. சொல்லும்போது அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஒல்லிக் கழுத்தைப் பிடித்து நெரிக்கவேண்டும் போலிருந்தது. பெரியவர் அத்தனை நாளாகச் சொன்னது உண்மைதானோ என்றும் ஒரு கணம் தோன்றியது.

"மிச்சம் இருக்கற துணிய மடிச்சுட்டுப் போறேன்," என்றாள் அக்கா. வண்டியில் பாதி விரிப்பு இருந்தது.

பெரிய மாப்பிள்ளை ஓடிப்போய் எதிர் முனையைப் பிடித்தார். அவருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருடைய நாள் வந்துவிட்டது, கூடமே கேட்டுக்கொண்டிருக்கிறது, மாமியார் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"நான் என்ன சொன்னேன்?" என்று ஆரம்பித்தார். படீர் என்று ஒரு உதறல். "கடவுள் பயம் இல்லாத அறிவு எங்க கொண்டுபோய் விடும்னு சொன்னேன்!" நடந்து போனார், முனையை வாங்கினார், மடித்துப் போட்டார். "கயித்துல தொங்கற க்ளிப்புதான் அவனுக்குத் தெய்வம்!" படீர். "மனுஷங்க கை அவன் கண்ணுக்குத் தெரியாது! கருணைன்னு ஒண்ணு இருக்குன்னு எந்தப் பென்சிலும் எழுதல!" படீர், படீர்.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவருடைய கை அவிழ்ந்துகொண்டது. தாமதிக்க இனிமேல் என்ன இருக்கிறது? கறை பார்க்கவில்லை, கிழிசல் பார்க்கவில்லை, கண்ணை மூடி வேண்டவில்லை. வாய் பிரசங்கம் பண்ண, கை பழைய பெரிய மாப்பிள்ளையின் கையாக ஓடியது. அக்காவின் வலது பக்கத்தை இழுக்காமல் இடது பக்கமாக வாங்கி, அவள் மூச்சுக்கு மூச்சு சேர்த்து, விரிப்பு மேல் விரிப்பாக அடுக்கு ஏறிக்கொண்டே போனது. கூடத்தின் எந்த மேசையும் அந்த மாதம் அப்படி ஓடவில்லை.

அக்காதான் முதலில் கவனித்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். சின்ன மாப்பிள்ளையின் கண் தம்பியின் கைக்கும் கயிற்றுக்கும் மாறி மாறிப் போவதைப் பார்த்தாள்.  விரிப்பைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மெதுவாடா தம்பி. எல்லாரும் பாக்கறாங்க."

மெஷின் எல்லாம் நின்றிருந்த கூடம் அது. அந்தத் தாழ்ந்த குரல் கடைசி மூலைவரைக்கும் கேட்டது.

பெரிய மாப்பிள்ளையின் வாய் பாதி வார்த்தையில் நின்றது. அவர் அடுக்கைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அவளுக்கு எல்லாம் தெரியும், இவ்வளவு நாளும் தெரியும், இப்போதுகூடத் தன்னைத்தான் காப்பாற்றப் பார்க்கிறாள் என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

"ஏன்?" என்றார் சின்ன மாப்பிள்ளை.

அந்த மனுஷன் வாயிலிருந்து ஆயிரம் ஏன் கேட்டிருக்கிறோம். இது வேறு மாதிரி வந்தது. குழந்தை கேட்கிற மாதிரி, உண்மையிலேயே தெரியாமல் வந்தது.

 நான் எழுந்துபோய்க் கிழிசல் இல்லாத விரிப்புகளின் கூடையை நடுவில் கொண்டுவந்து வைத்தேன். அக்கா என்னை முறைத்தாள். முறைக்கட்டும், என் பொறுமைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. மாமியார் மூட்டையிலிருந்து இறங்கி வந்து மூத்த மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "அடப்பாவி," என்றார். மாப்பிள்ளை என்று சேர்க்காமல் அந்த அம்மாள் அவரோடு பேசியது அதுதான் முதல்முறை.

அதற்குள் கூடம் கொதித்துவிட்டது. இவரை வெளியே அனுப்பு என்று ஒரு பக்கம் கத்தல். பிரார்த்தனையில் பின்னால் நிற்பவர்கள்தான் உரக்கக் கத்தினார்கள். சின்ன மாப்பிள்ளை கையைத் தூக்கி அமர்த்தினார்.

"கயிறு கட்டினது நான். ஏன் குறையுதுன்னு அக்காவையே கேட்டேன். எதிர்ல நிக்கறவரக் கேக்கத் தோணல. காரணம் இல்லைன்னு நெனச்சுத் தீர்ப்பு சொல்லிட்டேன். காரணம் இருந்திருக்கு, எனக்குத்தான் தெரியல." அவர் அக்காவிடம் திரும்பினார். "இவர என்ன பண்ணலாம்னு நீங்க சொல்லுங்கக்கா."

"யாரையும் ஒண்ணும் பண்ண வேண்டாம். அந்தக் கயித்த அவுரு."

"எந்தக் கயிறு?"

"எல்லாத்தையும். ஈரப்பக்கத்துக்கு ஆள் முறைபோட்டுப் போகட்டும், முடிஞ்சவங்க போகட்டும். முகத்தப் பாத்தே முடிவு பண்ணு, ஒண்ணும் குடி முழுகிடாது."

"ஏ..." என்று ஆரம்பித்தார் சின்ன மாப்பிள்ளை. மீதியை விழுங்கிவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறினார், ஒவ்வொரு கயிறாக அவிழ்த்தார். க்ளிப்புகள் தரையில் கொட்டின.

இறங்கிவந்து பெரிய மாப்பிள்ளையின் முன்னால் நின்றார். "அண்ணே, திங்கக்கிழமை எப்பவும்போல வேலைக்கு வாங்க. நான் மனசுல வெச்சுக்கல. இது இத்தோட போச்சு."

அதுவரைக்கும் கல்லாக நின்றவர் அப்போதுதான் உடைந்தார்.

"மன்னிக்கறதுக்கு நீ யாருடா?" கத்தினார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "என் நாற்காலிய எடுத்துக்கிட்ட. என் மாமியார எடுத்துக்கிட்ட. இதையுமா எடுத்துப்ப? மன்னிக்கறது நாங்க பண்ற வேலைடா! உனக்கு எங்கேருந்துடா வருது அது? யாரு குடுத்தா?"

 "தெரியலண்ணே," என்றார் சின்ன மாப்பிள்ளை, நேர்மையாக.

இதெல்லாம் நடந்து ரொம்ப நாளாகிவிட்டது. கடவுளை நம்பாத அறிவு கொடுமையில்தான் போய் முடியுமா என்று இப்போதும் டீ நேரத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். நான் எழுந்து வந்துவிடுவேன், எனக்குத் தைக்கிற வேலை கிடக்கிறது. பெரிய மாப்பிள்ளை மேஸ்திரி வேலையைத் தானாகவே விட்டுவிட்டு ஈரப்பக்கம் போய்விட்டார். யாரும் அனுப்பவில்லை. காலையில் கண்ணை மூடி நிற்கிறார், முன்னைவிடக் கொஞ்சம் நீளமாகவே நிற்கிறார், எல்லாருக்கும் பின்னால். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. பெரிய கறித்துண்டு எங்கே விழுகிறது என்று இன்னும் பார்க்கத்தான் செய்கிறார்.

அக்காவுக்கு எதிர் முனை பிடிக்க ஆள் வராத நாட்களில் சின்ன மாப்பிள்ளை வந்து நிற்பார். மூளை எவ்வளவு இருந்தாலும் கை மட்டும் மடிப்புக்கு வராத கை. அவர் முனையைப் பிடிக்கும்போதே ஈரப்பக்கத்து வாசலில் பெரிய மாப்பிள்ளை வந்து நிற்பார், கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. தன் இடத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்த்து அவர் முகம் போகிற போக்கு எனக்கு இங்கிருந்தே தெரியும். தாங்கமுடியாமல் கத்துவார்:

"வலது பக்கம் இழுக்காதடா! வெந்த கைடா அது! மெதுவா!"

சின்ன மாப்பிள்ளை ஏன் என்று கேட்கமாட்டார். மெதுவாகப் பிடிப்பார்.